புஷ்பவள்ளியின் மோதிர விரல்

புஷ்பவள்ளியிடம் நான் முதலில் கேட்டது கயிறு பிடிக்க வருவாளா என்றுதான். பாறை ஏற வருவாளா என்று கேட்கவில்லை. அந்த எண்ணமே எனக்கு அப்போது இல்லை.

என் பெயர் ரோகிணி. காரைக்குடியில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே டெக்னீஷியனாக இருக்கிறேன். அதற்கு முன்னால் ஏழு வருஷம் பெங்களூரில் ஆஸ்பத்திரி வேலை. அங்கே கூட வேலை பார்த்தவர்களோடு ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் போய், கயிறு கட்டிப் பாறை ஏறக் கற்றுக்கொண்டேன். அப்பாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டதால் ஊருக்குத் திரும்பினேன். வேலை கிடைத்தது. வீடு இருந்தது. பாறைதான் இல்லை.

மாயக்கண்ணன் என்று ஒருவன், மானாமதுரைக்காரன், பெங்களூரில் என்னோடு ஏறியவன், அவனும் அப்போது ஊரில் இருந்தான். இருவருமாகத் தேடி, திருக்கோஷ்டியூர் தாண்டி மூன்று கிலோமீட்டர் உள்ளே, கீழவலசை என்கிற சின்ன ஊருக்குப் பின்னால் ஒரு பாறையைக் கண்டோம். மொட்டைப்பாறை என்று ஊரில் சொல்வார்கள். எழுபது அடி இருக்கும். மேற்குப் பக்கம் கருப்பர் இருக்கிறார். அந்தப் பக்கம் ஏறக் கூடாது, பாறையில் ஆணி அடிக்கக் கூடாது, செவ்வாய் வெள்ளி வரக் கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்னார்கள். ஒப்புக்கொண்டோம். பின்பக்கம் சரிவாக நடந்து உச்சிக்குப் போய்விடலாம். அங்கே இரண்டு பெரிய உருண்டைக் கற்களைச் சுற்றிக் கயிற்றை மாட்டி, இரண்டு நுனியையும் கீழே விடுவோம். ஒரு நுனியில் ஏறுகிறவர். மறு நுனியைக் கீழே நின்று ஒருவர் பிடித்துக்கொள்வார். ஏறுகிறவர் வழுக்கினால் அரை அடி, ஒரு அடிக்குள் கயிறு தாங்கிவிடும். கீழே ஆள் இல்லாமல் இது நடக்காது.

2022 மாசியில் மாயக்கண்ணனுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டான். இரண்டு மாதம் கயிறு பைக்குள்ளேயே கிடந்தது.

பாறைக்குப் போகும்போது என் ஸ்கூட்டரை ஒரு மாட்டுக் கொட்டகையின் நிழலில் நிறுத்துவது வழக்கம். புஷ்பவள்ளியின் கொட்டகை அது. அப்போது அவளுக்கு முப்பத்தொரு வயது. ஒல்லியும் இல்லை, தடித்த உடம்பும் இல்லை. குரல் மட்டும் உயரமாக இருக்கும், வயல் கடந்து கூப்பிட்டுப் பழகிய குரல். கணவர் வேல்பாண்டி நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறவர். அறுப்புக் காலத்தில் தஞ்சாவூர், திருவாரூர் என்று மாதக்கணக்கில் போய்விடுவார். வீட்டில் மாமியார் மீனம்மாளும், ஆறாவது படிக்கிற மகளும், ஆறு கறவை மாடுகளும். தினமும் காலையிலும் சாயங்காலமும் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்ற வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெறுமனே பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது அவளிடம் கேட்டேன்.

"எம்புட்டுக் கனம் பிடிக்கணும்?" என்றாள்.

"என் கனந்தான். அம்பத்தெட்டு கிலோ. அதுக்குன்னு ஒரு கருவி இருக்கு, முழுக் கனமும் கைக்கு வராது."

"அம்புட்டுத்தானா. கன்னுக்குட்டி அதவிட இழுக்கும்."

மூன்று ஞாயிறு தரையிலேயே வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். நான்காவது ஞாயிறு அவள் கையை நம்பி ஏறினேன். பெங்களூரில் எத்தனையோ பேர் எனக்குக் கயிறு பிடித்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கூட இவளைப் போலக் கண்ணெடுக்காமல் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றதில்லை. போனைக் கொட்டகையிலேயே வைத்துவிட்டு வருவாள். நான் இறங்கித் தரையில் கால் வைத்த பிறகுதான் பேச்சு.

வைகாசியில் ஒருநாள் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, "அக்கா, நானும் ஒருக்கா ஏறிப் பாக்கவா?" என்றாள்.

மறுவாரம் பழைய சுடிதார் ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தாள். மீனம்மாள் வாசலில் நின்று பார்த்தார். "விழுந்து கையக் கால ஒடிச்சுக்கிட்டு வந்து நிக்காத. மாட்ட யாரு பாக்குறது?" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்கு மேல் அவர் தடுக்கவில்லை.

நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன், அவள் ஏறினாள். கால் வைக்கத் தெரியவில்லை. உடம்பைப் பாறையோடு ஒட்டத் தெரியவில்லை. ஆனால் கை எங்கே பட்டதோ அங்கே நின்றது. நாணயத்தின் தடிமனே இருக்கும் விளிம்புகளை அவள் விரல் நுனி பிடித்தது. அந்தப் பிடி எனக்கு வர இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நாற்பதடி போய்விட்டு இறங்கி, மூச்சு வாங்க உட்கார்ந்தாள். கை நடுங்குகிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். பிறகு அவளாகச் சொன்னாள்.

"காலையில எந்திரிச்சதுலருந்து யாராச்சும் கூப்பிட்டுக்கிட்டே இருப்பாக. மாடு கூப்பிடும், அத்தை கூப்பிடுவாக, புள்ள கூப்பிடும். அங்குட்டு மேல இருக்கையில யாரும் கூப்பிடல."

அன்றிலிருந்து நாங்கள் மாற்றி மாற்றி ஏறினோம். ஒருத்தி ஏறினால் ஒருத்தி பிடிப்பாள்.

நான் எவ்வளவு ஜாக்கிரதையாக அவளைப் பழக்கினேன் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அந்த ஜாக்கிரதையில் எனக்கு அவ்வளவு பெருமை இருந்தது. 2017இல் பெங்களூரில் அவசரப்பட்டு என் வலது தோளைக் கெடுத்துக்கொண்டு ஒன்பது மாதம் கையைத் தூக்க முடியாமல் கிடந்தவள் நான். தலை பின்ன முடியாது. பஸ்ஸில் கம்பி பிடிக்க முடியாது. அந்த ஒன்பது மாதத்தில், உடம்பு எங்கே தாங்கும், எங்கே தாங்காது என்று கிடைத்ததையெல்லாம் படித்தேன். தசை சீக்கிரம் பலம் பிடித்துவிடும். தசையை எலும்போடு கட்டும் நாண்களும் அவற்றைப் பிடித்து வைத்திருக்கும் சின்னச் சின்ன வளையங்களும் அப்படியல்ல. அவற்றுக்கு வருஷங்கள் வேண்டும். தனக்குப் பலம் வந்துவிட்டது என்று நினைக்கிற ஆள்தான் அடிபடுவான்.

அதனால் வாரத்தில் இரண்டே நாள்தான் பயிற்சி. புதன் சாயங்காலம், ஞாயிறு காலை. நடுவில் முழு ஓய்வு. ஏறுவதற்கு முன் இருபது நிமிஷம் உடம்பைச் சூடாக்காமல் பாறையைத் தொட விடமாட்டேன். கொட்டகை உத்தரத்தில் விரல் நுனியால் தொங்குவதற்காக ஒரு மரச்சட்டம் அடித்துக் கொடுத்தேன். ஏழு விநாடி தொங்கினால் மூன்று நிமிஷம் ஓய்வு. ஆறு தடவைக்கு மேல் கூடாது. எத்தனை தடவை ஏறினாள், எத்தனை விநாடி தொங்கினாள், எங்காவது வலித்ததா, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினேன். போன வாரத்தைவிட இந்த வாரம் கொஞ்சம்தான் கூடலாம். ஒரு வருஷம் பத்து மாதம் இப்படி. ஒரு சுளுக்குக் கூட இல்லை. பெங்களூர் நண்பர்களுடன் போனில் பேசும்போது இதைச் சொல்லிக்கொள்வேன்.

புதன்கிழமை நான் கொட்டகைக்குப் போகும்போது பெரும்பாலும் அவள் கடைசி மாட்டைக் கறந்துகொண்டிருப்பாள். நான் நின்று பார்ப்பேன். முழுக் கையாலும் காம்பைப் பிடித்து, மேலிருந்து கீழாக ஒவ்வொரு விரலாக இறுக்கி இறுக்கி, இரண்டு கையும் மாறி மாறி. வாளியில் பால் இறங்கும் சத்தம் ஒரே சீராக இருக்கும். "இந்தா முடிஞ்சிருச்சுக்கா" என்பாள். கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, சுடிதார் மாற்றிக்கொண்டு வருவாள். நான் நோட்டைத் திறந்து அன்றைய கணக்கைத் தொடங்குவேன்.

மொட்டைப்பாறையின் கிழக்கு முகத்தில் நட்டநடுவே ஒரு கீறல் மேலே ஓடுகிறது. அதை நடுக்கீறல் என்று மாயக்கண்ணன் பெயர் வைத்தான். நாற்பதடி வரை விரலை விட்டு ஏறலாம். அதற்கு மேல் கீறல் மூடிவிடும், பாறை லேசாக முன்னால் சாயும். கடைசி இருபதடியில் நான்கைந்து மெல்லிய விளிம்புகள்தான். நானும் மாயக்கண்ணனும் எத்தனையோ தடவை முயன்றும் அந்த மூடிய இடத்தைத் தாண்டியதே இல்லை. 2024 தை மாதம் புஷ்பவள்ளி அதைத் தாண்டினாள். இரண்டாவது விளிம்பையும் பிடித்தாள். மூன்றாவதில் நழுவினாள். கயிற்றில் தொங்கிக்கொண்டு சிரித்தாள். எனக்கு முடியாதது ஒன்று என் கண்ணெதிரே நடக்கப்போகிறது என்று தோன்றியது. என் கையால் நடக்கப்போகிறது என்றும் தோன்றியது.

மாசி தொடக்கத்தில் ஒரு புதன்கிழமை, இடது மோதிர விரலைக் காட்டினாள்.

"காலையில மடங்க மாட்டேங்குதுக்கா. அடியில அமுக்குனா நோகுது."

விரலின் அடிப்பகுதியில் லேசான வீக்கம். விதிப்படி என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தேன். பத்து நாள் பாறையும் இல்லை, மரச்சட்டமும் இல்லை. நோட்டில் பத்துக் கட்டங்களில் ஓய்வு என்று எழுதினேன். பத்து நாள் கழித்துப் போனபோது வீக்கம் அப்படியே இருந்தது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஓய்வு கொடுத்தும் ஏன் வற்றவில்லை? அவளைக் காரைக்குடிக்கு வரச் சொன்னேன். மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் டாக்டரிடம் சொல்லாமல் நானே அவள் விரலை எக்ஸ்ரே எடுத்தேன். படம் சுத்தமாக இருந்தது.

"எலும்பு நல்லா இருக்கு" என்றேன்.

"அப்ப ஏறலாமாக்கா?"

எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும். நாணும் வளையமும் தெரியாது. பத்துப் பன்னிரண்டு வருஷமாக அந்த வேலை பார்க்கிற எனக்கு அது தெரியாதா? பக்கத்து அறையிலேயே ஸ்கேன் மெஷின் இருந்தது. டாக்டரும் இருந்தார். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பார்த்துச் சொல்லியிருப்பார். கேட்கவில்லை. அவர் இரண்டு மாதம் ஏறக்கூடாது என்று சொல்லிவிடுவார் என்று எனக்கு உள்ளுக்குள் தெரிந்திருந்தது. பங்குனி பிறந்தால் பாறை சுடும். ஆவணி வரை அந்த விளிம்புகளில் கை நிற்காது. இந்த மாசியை விட்டால் இந்த வருஷம் இல்லை.

"டேப் சுத்திக்கிட்டு ஏறலாம். வலிச்சா உடனே சொல்லணும்" என்றேன்.

"சொல்றேன்" என்றாள்.

அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்குப் போனேன். விரலில் டேப் சுற்றினேன். எப்போதும் போல இருபது நிமிஷம் உடம்பைச் சூடாக்கினோம். வலிக்கிறதா என்று மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் இல்லை என்றாள். அவள் முகத்தைப் பார்த்தால் பொய் என்று தெரிந்திருக்கும். நான் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கீறலில் தங்குதடையில்லாமல் போனாள். மூடிய இடத்தைத் தாண்டினாள். முதல் விளிம்பு, இரண்டாவது விளிம்பு. மூன்றாவதை இடது கையால் பிடித்து, காலை மேலே எடுத்து வைத்தாள். அப்போது ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த சுள்ளி ஒடிகிற மாதிரி. ஐம்பதடி கீழே நின்ற எனக்கே தெளிவாகக் கேட்டது. அவள் கை விட்டுப்போனது. கயிறு பிடித்துக்கொண்டது. அவள் கத்தவில்லை. இடது கையை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு, "எறக்குங்கக்கா" என்றாள்.

தரைக்கு வந்ததும் முதலில் அவள் கேட்டது, "சாயங்காலம் கறக்க முடியுமா?" என்றுதான்.

அன்று பிற்பகல் டாக்டரை வரவழைத்து ஸ்கேன் பார்த்தோம். விரலை மடக்கச் சொல்லிக் கருவியை வைத்தார். எலும்போடு ஒட்டி ஓட வேண்டிய நாண், வில்லில் கட்டிய கயிறு போல எலும்பை விட்டு விலகி நின்றது. அதைப் பிடித்து வைத்திருந்த வளையம் அறுந்துவிட்டது என்றார். ஆபரேஷன் உடனே வேண்டாம். விரலைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் வளையம் போட்டுக்கொள்ள வேண்டும். ஆறு வாரம் அந்தக் கையால் எதையும் இறுக்கிப் பிடிக்கக் கூடாது. அதற்குப் பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான்.

"இதுக்கு முந்தி வலி இருந்துச்சா?" என்று அவளிடம் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். "லேசா" என்றாள். நான் எக்ஸ்ரே எடுத்ததை அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அன்று சொல்லாமல் விட்டதை ஒரு வாரம் கழித்துத்தான் டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "உனக்கே தெரிஞ்சிருக்கணும்மா" என்றார்.

கீழவலசையில் மாடுகள் யாருக்கும் காத்திருக்கவில்லை. மீனம்மாள் கறக்க உட்கார்ந்தார். அவருக்கு அறுபத்தாறு வயது. கை முட்டுகளில் வாதம். ஆறு மாட்டையும் முழுதாக வற்றக் கறக்க அவரால் முடியவில்லை. மடியில் பால் தங்கியது. பத்தாம் நாள் செவலை மாட்டுக்கு மடி வீங்கி, பாலில் திரி திரியாக வந்தது. கால்நடை டாக்டர் வந்து ஊசி போட்டார். காய்ச்சல் இறங்கியது. ஆனால் ஒரு காம்பு அடைந்துவிட்டது, இனி அதில் பால் வராது என்று சொல்லிவிட்டுப் போனார். புஷ்பவள்ளி கொட்டகைத் தூணில் சாய்ந்து நின்று செவலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தன் விரலுக்கு அவள் அழவில்லை. அன்று அழுதாள்.

வேல்பாண்டி திருவாரூரிலிருந்து வந்துவிட்டார். அடுத்த ஞாயிறு நான் போனபோது கொட்டகையில் இருந்தார். உட்காரச் சொன்னார். திட்டுவார் என்று எதிர்பார்த்து உட்கார்ந்தேன். அவர் குரல் எழவே இல்லை.

"நீங்க சாக்கிரதையான ஆளுன்னு இவ சொல்லிக்கிட்டே இருப்பா. எல்லாம் நோட்டுல எழுதுவீகளாம்ல. நான் ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்கண்ணே."

"வாரத்துக்கு எத்தன நாள் ஏறுவா?"

"ரெண்டு நாள். மத்த நாளெல்லாம் ஓய்வு."

"மாடு எத்தன நாள் கறப்பா?"

நான் உத்தரத்தில் அடித்த மரச்சட்டத்தை அண்ணாந்து பார்த்தேன்.

"நான் அறுப்பு மெஷின் ஓட்டுறவன். மெஷினு எத்தன மணி நேரம் ஓடுச்சுன்னு பாத்துத்தான் ஆயில் மாத்துவோம். யாரு வயல்ல ஓடுச்சுன்னு பாக்க மாட்டோம்" என்றார். பிறகு, அதிகம் பேசிவிட்டதாக நினைத்தவர் போல, எழுந்து மாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விட்டார்.

நான் வீட்டுக்கு வந்து நோட்டைப் பிரித்தேன். ஒரு வருஷம் பத்து மாதம். ஒரு பக்கத்தில் கூடப் பால் கறப்பது இல்லை. ஓய்வு என்று நான் எழுதிய பத்துக் கட்டங்களிலும் அவள் காலையிலும் மாலையிலும் ஆறு மாடு கறந்திருக்கிறாள். அதுவும் அதே விரலால். அவளுக்கு அந்தப் பிடி எங்கிருந்து வந்தது என்று எனக்கு முதல் நாளே தெரியும். நண்பர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்லியும் இருக்கிறேன். பலத்துக்கு மட்டும் அதைக் கணக்கில் வைத்துக்கொண்டேன், தேய்மானத்துக்கு வைக்கவில்லை.

மறுநாள் வேலை முடிந்ததும் நேராகக் கீழவலசைக்குப் போனேன். சாயங்காலக் கறவையை நான் செய்கிறேன், சொல்லிக் கொடு என்றேன். புஷ்பவள்ளி வேண்டாம் என்றாள். மீனம்மாள்தான், "உக்காரட்டும். உக்காந்தாத்தான் தெரியும்" என்றார்.

பக்கத்தில் குந்தி உட்கார்ந்து புஷ்பவள்ளி சொல்லச் சொல்லச் செய்தேன். பதினொரு வருஷமாகப் பாறை ஏறுகிற கை எனக்கு. முதல் மாட்டைப் பாதி கறப்பதற்குள் முழங்கைக்குக் கீழே கல்லாகிவிட்டது. மாடு காலை உதைத்தது. மூன்றாம் நாள் ஸ்கேன் சென்டரில் ஒரு நோயாளியின் பெயரை எழுதப் போனேன், பேனா விரலில் நிற்கவில்லை. இரண்டு வாரத்தில் இரண்டு மாடு கறக்க வந்தது. ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். ஒரு மாட்டுக்கு ஒரு கையின் பிடிப்பு முந்நூற்றுச் சொச்சம். ஆறு மாட்டுக்கு, இரண்டு வேளைக்கு, நாலாயிரத்துக்குப் பக்கத்தில். தினமும். நான் அவளை ஏழு விநாடி தொங்கவிட்டு மூன்று நிமிஷம் ஓய்வெடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஏன் புஷ்பா, கறக்கையில நோகுதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" என்று அன்று கேட்டேன்.

"நீங்க பாறையில நோகுதான்னுதானக்கா கேட்டீக" என்றாள். அதில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. பிறகு, "கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். நிறுத்திருவீகன்னு பயம். எனக்கு இருந்தது அது ஒண்ணுதான்" என்றாள்.

நான் எக்ஸ்ரே பற்றிச் சொன்னேன். ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்க வேண்டும், தெரிந்தேதான் விட்டேன், நீ அதை ஏறி முடிக்கிறதைப் பார்க்க வேண்டும் என்கிற ஆசையில் விட்டேன் என்றேன். அவள் வளையம் போட்ட விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேருக்கும் அதே ஆசதான்" என்றாள். என்னை மன்னித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் அப்படிச் சொன்னது உண்மை என்பதால் அதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளவும் முடியவில்லை.

வேல்பாண்டி அந்தக் கோடை அறுப்புக்கு வெளியூர் போகவில்லை. காலைக் கறவையை அவர் எடுத்துக்கொண்டார். ஆடிக்குள் இரண்டு மாடுகளை விற்றார்கள். செவலையையும் விற்றுவிடலாம் என்றபோது புஷ்பவள்ளி விடவில்லை. மூன்று காம்பு மாட்டை யார் வாங்குவார்கள், வாங்கினால் எதற்கு வாங்குவார்கள் என்று அவளுக்குத் தெரியும். செவலை கொட்டகையிலேயே இருக்கிறது.

ஆறு வாரம் கழித்து, டாக்டர் சொன்னபடி, மாவு உருண்டையைப் பிசைவதில் தொடங்கினாள். பிறகு ஈரத் துணியைப் பிழிவது. நான்காம் மாதம் ஒரு மாடு, ஒரு வேளை. ஆறாம் மாதம் இரண்டு. விரல் முழுதாக நீளவில்லை. நடுமுட்டில் லேசாக வளைந்தே நிற்கிறது. குளிர்ந்த தண்ணீரில் கை வைத்தால் விறைக்கிறது என்கிறாள். இது இப்படியே இருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பாறையைப் பற்றி நான் பேச்செடுக்கவே இல்லை. கயிறு என் வீட்டு அலமாரியில் இருந்தது. 2025 பிப்ரவரியில், விரல் போய்ப் பதினொரு மாதம் கழித்து, அவளே போன் செய்தாள். "ஞாயித்துக்கெழம கயிறு கொண்டாங்க" என்றாள்.

நடுக்கீறலுக்குப் பக்கமே போகவில்லை. தெற்கு ஓரத்தில் சரிவாக ஒரு முகம் இருக்கிறது, முதல் மாதம் நான் அவளுக்குக் கால் வைக்கக் கற்றுக்கொடுத்த இடம். அதில்தான் ஏறினாள். கைக்கு வேலை குறைவு, காலுக்குத்தான் வேலை. பதினொரு மாதத்தில் கால்கள் மறந்திருக்கும் என்று நினைத்தேன். மறக்கவில்லை. மெதுவாக, ஒவ்வொரு காலையும் பார்த்துப் பார்த்து வைத்து, முப்பதடி போனாள். முகத்தில் பயமும் இல்லை, அவசரமும் இல்லை. மேலே இன்னும் பாதி இருந்தது, அதுவும் சுலபமான பாதி. அங்கே நின்று சுற்றிலும் ஒரு தடவை பார்த்துவிட்டு, "எறக்குங்கக்கா" என்றாள்.

விரல்தான் என்று நினைத்தேன். இறக்கினேன். தரைக்கு வந்ததும் அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன்.

"நோகுதா?"

"நோகல. சாயந்தரத்துக்கு நாலு மாடு இருக்கு. அதுக்கு மிச்சம் வேணும்ல" என்றாள்.

உச்சிவரை போயிருக்கலாமே என்று ஒரு நொடி எனக்குத் தோன்றியது. அத்தனைக்கும் பிறகும் தோன்றியது. அதை அவளிடம் சொல்லவில்லை. அவள் முடிச்சை அவிழ்த்து, ஷூவைக் கழற்றி, வெறுங்காலோடு பாறை நிழலில் உட்கார்ந்தாள். பேச்சு மகளின் பரீட்சைக்குப் போனது, பிறகு வேல்பாண்டி இந்த வருஷம் மறுபடி திருவாரூர் போவதற்கு.

இப்போது மாதத்தில் இரண்டு ஞாயிறு ஏறுகிறாள். வேல்பாண்டி ஊரில் இருந்து காலைக் கறவையை அவர் பார்க்கிற வாரங்களில் மட்டும். எந்த நாள், எவ்வளவு உயரம், எப்போது இறங்குவது என்பதை அவளே சொல்கிறாள். நான் கயிறு பிடிக்கிறேன். போன ஞாயிறு சரிவு முகத்தின் உச்சிவரை போய், மேலே பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு, பின்பக்கமாக நடந்து இறங்கி வந்தாள். வரும்போது கையில் கொஞ்சம் பிரண்டை பறித்து வைத்திருந்தாள். மாமியாரின் கை வலிக்குத் துவையல் அரைக்க வேண்டும் என்றாள்.